என் மூளை ஓய்ந்திருந்த ஐம்பத்திரண்டு விநாடி

12 பிப்ரவரி 2008

சங்குச்சக்கரப் பட்டாசுப் பெட்டி லேபிளில் சிங்கம் இன்னும் கொஞ்சம் சிரிக்க வேண்டுமாம். முதலாளி நாலாவது தடவையாகச் சொல்லிவிட்டார். சிரித்த சிங்கத்தை அவர் எங்கே பார்த்தாரோ!

ராத்திரி மாத்திரையை நேற்றும் போடவில்லை. போட்டால் காலையில் கம்ப்யூட்டர் முன்னால் தூங்கி வழிகிறேன். பதினாலு வயதில் தொடங்கிய வலிப்பு, இப்போது முப்பத்தொன்று. பதினொரு மாதமாக வரவில்லை. இனிமேல் வராது. டாக்டர் ஞானசுந்தரியாகிய நானே முடிவு செய்துவிட்டேன். படிப்பு: டி.டி.பி., ஆறு மாதம்.

3 மார்ச்

வந்துவிட்டது. பிரஸ்ஸில், எல்லார் முன்னாலும்.

கண் விழித்தபோது கையில் பெரிய சாவிக்கொத்து. இரும்பைக் கொடுத்தால் நிற்கும் என்று மெஷின்மேன் ஊர்க்காவலன் அண்ணன் கம்பெனிச் சாவி அத்தனையும் திணித்திருக்கிறார். ஐந்து நிமிஷம் நான்தான் முதலாளி. அந்தச் சிங்கத்தை அப்போதே அழித்திருக்கலாம்.

"வாயுக் கோளாறுண்ணே" என்றேன்.

"ஆமாத்தா, எனக்கும் வரும்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. நல்ல மனுஷன்.

11 மார்ச், மதுரை

ஆஸ்பத்திரி. தலை முழுக்கப் பசை, ஒயர். எதிரே கேமரா. மூன்று நாள் இருக்க வேண்டும். வலிப்பு வந்தால் படம் பிடிப்பார்களாம். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப எடுத்த போட்டோவில்கூட எனக்கு இவ்வளவு வெளிச்சம் போடவில்லை.

அண்ணனுக்கு லீவு கிடைக்காததால் துணைக்கு மதினி. தீபாவளியன்று மிக்ஸி ஜார் உடைந்ததிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. உடைத்தது யார் என்பது இன்னும் தீராத வழக்கு. (நான்தான்.) வீட்டில் அண்ணன் வழியாகப் பேசுவோம். இங்கே நர்ஸ் மாட்டிக்கொண்டாள். "இட்லி ஆறுதுன்னு அவகிட்டச் சொல்லுங்கம்மா."

14 மார்ச்

வந்தது, படமும் எடுத்துவிட்டார்கள். டாக்டர் காட்டினார். வலிப்பின்போது மூளையின் கோடுகள் எல்லாம் ஒரே கிறுக்கல். அது நின்றதும் ஒன்றுமே இல்லை. கிட்டத்தட்ட நேர்கோடு. ஐம்பத்திரண்டு விநாடி.

"வலிப்பு முடிஞ்சதும் மூளை கொஞ்ச நேரம் அப்படியே ஓய்ஞ்சிருதும்மா."

"ஆபீஸ்ல தினமும் அப்படித்தான் சார்" என்றேன். அவர் அந்த நேர்கோட்டைத் தொட்டுக் காட்டினார்.

"சில பேருக்கு அந்த நேரத்துல மூச்சும் தடுமாறும். அநேகமாத் தானாத் திரும்பிரும். வலிப்பு இருக்கிற ஆயிரம் பேருல வருசத்துக்கு ஒருத்தருக்குத் திரும்பாமப் போகுது. பெரும்பாலும் தூக்கத்துல. ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியல."

பதினேழு வருஷத்தில் யாரும் இதைச் சொன்னதில்லை. மதினிதான் கேட்டாள், "நாங்க என்ன செய்யணும் சார்?" மாத்திரை ஒரு வேளைகூட விடக்கூடாது, தூங்கி வழியவைக்காத வேறு மாத்திரை தருகிறார். தனியாகப் படுக்கக்கூடாது. வந்தால் ஒருக்களித்துத் திருப்ப வேண்டும். எந்தப் பக்கம், எப்படி என்று மதினி இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள்.

16 மார்ச்

"டாக்டருக சும்மா பயங்காட்டுவாக" என்றான் அண்ணன். மதினி பாயைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தாள்.

என் அறை! எட்டுக்கு எட்டு. இந்த ஆமத்தூரில் எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். வாசலில் நின்ற அண்ணனைப் பார்த்துச் சொல்லிவிட்டேன் — "நான் செத்தா இந்த ரூமு ஒங்களுக்குத்தான? அம்புட்டு அவசரமா?"

பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஏன் சொன்னேன்? பயந்து கெடக்கேன், அதான். அதைச் சொல்ல வாய் வரல, இதைச் சொல்ல மட்டும் வருது.

தாழ்ப்பாள் போட்டேன். ஜெயித்துவிட்டேன்.

17 மார்ச்

ஜெயித்தவளுக்குத் தூக்கம் வரவில்லை.

7 ஏப்ரல்

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கறிச்சோறு தின்றுவிட்டு, தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மத்தியானம் படுத்தேன். மற்றது மதினி சொல்லி அண்ணன் பிறகு சொன்னது.

கட்டில் சுவரில் இடிக்கிற சத்தம். கூப்பிட்டிருக்கிறாள், தட்டியிருக்கிறாள். சத்தம் நின்றுவிட்டது. அண்ணன் வெளியே போயிருந்தான். மதினி ஒருத்தியாகவே கடப்பாரையால் கதவை நெம்பியிருக்கிறாள். நான் குப்புறக் கிடந்தேனாம், முகம் தலையணைக்குள், உதடு நீலமாக. புரட்டி ஒருக்களித்துப் போட்டு, முதுகைத் தேய்த்து, பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தாளாம்.

கண் விழித்தபோது எனக்குத் தெரிந்தது மதினியின் உள்ளங்கைதான். தோல் உரிந்து ரத்தம்.

"மதினி, கையில என்ன?"

ஐந்து மாதத்தில் நான் அவளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு.

"நீ மொதல்ல நல்லா மூச்சு விடுடீ" என்றாள். அவளுக்குத்தான் மூச்சு வாங்கியது.

8 ஏப்ரல்

அண்ணன் புதுத் தாழ்ப்பாள் மாட்ட வந்தான். வேண்டாம் என்றேன்.

20 மே

மதினியின் பாய் இப்போது என் அறையில். இரண்டு வேளையும் மாத்திரையைக் கையில் கொடுத்து, முழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொல்கிறாள். முப்பத்தொரு வயதில் நாக்கைத் தூக்கிக் காட்டுகிறேன். குறட்டை வேறு. என் உயிரைக் காப்பாற்றி என்னைத் தூங்கவிடாமல் செய்கிறாள்.

மிக்ஸி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். தண்டனை: ஆட்டுரல்.

28 ஜூன்

அண்ணனும் மதினியும் சாத்தூரில் ஒரு விசேஷத்துக்குப் போயிருக்கிறார்கள், இரண்டு நாள். எனக்கு ஆர்டர் வேலை. "வள்ளித்தாய் அக்காட்ட நீயே போய்க் கேளு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள் மதினி.

தலையணையோடு எதிர்வீட்டு வாசலில் வெகு நேரம் நின்றேன். பிறகு சொன்னேன்:

"யக்கா, எனக்கு வலிப்பு இருக்கு. தனியாப் படுக்கக்கூடாதாம். இங்கன படுத்துக்கிடட்டுமா?"

வெளியாள் யாரிடமும் அந்த வார்த்தையை நான் சொன்னதே இல்லை.

வள்ளித்தாய் அக்கா புளி கரைத்துக்கொண்டிருந்தது. "பதினேழு வருசமாத் தெரு பூராத் தெரியுமேத்தா. நீயாச் சொல்லட்டும்னு இருந்தோம்."

எவ்வளவு பெரிய ரகசியம்! எத்தனை பொய்!

அக்கா கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. "சரி, வந்துச்சுன்னா எந்தப் பக்கமாத் திருப்பணும்? அதக் காமி."

அங்கேயே தரையில் ஒருக்களித்துப் படுத்துக் காட்டினேன்.