வேர்வை சொட்டும் மஞ்சள் பொம்மை

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே அம்மா சுகம், அண்ணன் வீட்டிலும் எல்லோரும் சுகம், என் சுகத்தைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், அதுவரை பொறுமையாகப் படி. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஃபோன் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். ஃபோனில் கேட்டால் நீ அந்த மஞ்சள் பொம்மையை அனுப்பிவிடுகிறாய், பல் தெரியச் சிரித்துக்கொண்டு நெற்றியில் ஒரு சொட்டு வேர்வையோடு இருக்குமே, அது. புது வேலை எப்படிம்மா என்று கேட்டேன், பொம்மை. மாமியாரோடு சமாதானம் ஆயிற்றா என்று அம்மா கேட்டாள், அதற்கும் பொம்மை. இது எதற்கு என்றதற்கு, என்ன சொல்றதுன்னு தெரியலைன்னா இதைப் போடுவோம்ப்பா என்றாய். நான் அதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன், அதுதான் வினையாகப் போயிற்று.

நான் லிஃப்ட் பழுது பார்க்கும் அந்த ஒன்பது மாடிக் கட்டடத்தில், ஆறாம் மாடி வாத்தியார் போன மாதம் காலமாகிவிட்டார். கட்டடத்து ஃபோன் குழுவில் செயலாளர் செய்தி போட்டார். பத்து வருஷமாக லிஃப்டில் பார்த்த மனிதர், எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, நீ சொன்னபடி அந்தப் பொம்மையைப் போட்டுவிட்டேன். எல்லோரும் கும்பிடு போட்ட வரிசையில் நான் மட்டும் பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறேன். செயலாளர் கூப்பிட்டு, என்ன மெக்கானிக், சாவுச் செய்திக்குச் சிரிக்கிறீங்க என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. வேறு வழியில்லாமல் மறுநாள் காலை போய் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, தெரியாம போட்டுட்டேம்மா, மன்னிச்சிடுங்க என்றேன். வாத்தியார் மனைவி என்னை உட்காரச் சொல்லி, நாற்பது பேர் கும்பிடு போட்டாங்க, கதவைத் தட்டினது நீங்கதான் என்றார். அரை மணி நேரம் அவரைப் பற்றியே பேசினார், நான் பேசியது நாலு வார்த்தை இருக்கும். கீழே இறங்கும்போது மனசு லேசாக இருந்தது.

இப்போது என் சுகம். போன ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் என்னப்பா சொன்னார் என்று கேட்டாயே, நான் என்ன அனுப்பினேன் என்று ஃபோனை எடுத்துப் பார். பதிலுக்கு நீயும் ஒன்று அனுப்பினாய், அதோடு பேச்சு முடிந்தது. டாக்டர் சொன்னது இதுதான். குடலில் ஒரு கட்டி இருக்கிறது, வெட்டி எடுத்துப் பரிசோதித்தால்தான் எப்படிப்பட்டதென்று தெரியும், அடுத்த மாதம் இருபத்திரண்டாம் தேதி ஆபரேஷன். அம்மாவிடம் நேற்றுத்தான் சொன்னேன், அவள் அலமாரித் துணியையெல்லாம் வெளியே எடுத்து மறுபடி மடித்து வைத்தாள். முப்பது வருஷமாக லிஃப்ட் குழிக்குள் தொங்கிக்கொண்டு வேலை பார்த்தவன்தான், ஆனாலும் பயமாக இருக்கிறது. நீ வந்தால் நன்றாக இருக்கும்.

இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் என் ஆசி. நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. பதிலை ஃபோனிலேயே போடு. வருகிறேன் என்றோ முடியாது என்றோ எழுது, எதுவானாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். பொம்மை மட்டும் வேண்டாம்மா.

உன் அப்பா