நாலு சபையும் ஒரு பரங்கிக்காயும்

சிதம்பரம்
18.6.2006

அன்புள்ள மாமாவுக்கு,

அமராவதி எழுதிக்கிறது. நானும் வெண்மதியும் சௌக்கியம். உங்க சௌக்கியத்துக்கு எழுதுங்க. போன்ல பேசுனா மூணாவது நிமிஷம் பிரசங்கத்துக்குப் போயிடறீங்க, நான் வெச்சிடறேன். கடுதாசின்னா யாரும் குறுக்க வர முடியாது பாருங்க.

ஹாஸ்டல்ல சமையல் வேலை பழகிடுச்சி. மொத நாளு சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னு பொண்ணுங்க மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிச்சிங்க. வெண்மதியை ஏழாங்கிளாஸ்ல சேத்தாச்சி. "எந்தச் சர்ச்சு?"ன்னு கேட்டாங்க. அவ என் மூஞ்சியப் பாத்தா. நான் சுவத்தப் பாத்தேன்.

வேலைக்காகத்தான் பொண்டாட்டி போனான்னு ஊருல சொல்லிக்குங்க. நமக்குத் தெரியும். அறுப்பின் பண்டிகைக்கு சர்ச்சுல நம்ம தோட்டத்துப் பரங்கிக்காயைக் காணிக்கையா வெச்சேன். அதை ஏலத்துல நீங்களே எடுக்கணும்னு நின்னீங்க. செக்ரட்டரி உத்திராபதி அண்ணன் அவசரத்துல வேற ஆளுக்கு விட்டுட்டாரு. அதுக்காக, பொறந்து வளந்த கோயிலயே வேணாம்னீங்க. ரெண்டே மாசத்துல கடல் வந்துச்சி. தேவனாம்பட்டினத்துல நீங்க தூக்கிட்டு வந்த பிள்ளைங்க ஒண்ணுக்கும் உயிரு இல்ல. அதுல இருந்து நீங்க சரியாத் தூங்கல. அதனாலதான் மாமா, அந்த வெள்ளை உடுப்பு சபைக்கு வாயத் தொறக்காம உங்க பின்னாடி வந்தேன். கெடிலம் ஆத்துல முங்குன்னாங்க, முங்குனேன். கம்மலக் கழட்டுன்னாங்க, கழட்டுனேன். தாலிய மட்டும் நீங்க உங்க கையாலயே கழட்டுனீங்க.

வடலூர்ல ஜோதி கும்புட்டு வளந்தவ நான். உங்களுக்காக சாமியையே மாத்திக்கிட்டேன். ஒருத்திக்கு அது ஒரு தடவை போதும்.

இப்படிக்கு,
அமராவதி


கடலூர்
9.7.2006

கர்த்தருக்குள் பிரியமான அமராவதிக்கு,

ஸ்தோத்திரம்! அல்லேலூயா!

பரங்கிக்காயைப் பத்தி இனிமே எழுதாதே. நீ தண்ணி ஊத்தி வளத்த காய் கண்டவன் வூட்டுக் குழம்புக்குப் போறதான்னுதான் நின்னேன். அது உனக்குப் புரியல.

கடல் வந்தது கர்த்தருடைய கோபம்னு பாஸ்டர் சொல்றாரு. பதில் இருக்கிற எடத்துலதான் என்னால உக்கார முடியும். பால் குடிக்கிற பிள்ளை மேல என்ன கோபம்னு கேட்டேன். சந்தேகம் பிசாசு குடுக்கிறதுன்னாரு. சரின்னு வந்துட்டேன். ஆனா சிப்காட் கம்பெனியில அந்தக் கெமிக்கல் நெடியில நிக்கறப்பல்லாம் அதே கேள்விதான் வருது.

தாலிய மஞ்சக் கயித்துல கோத்து மறுபடி போட்டுக்கிட்டியாமே. வெண்மதி சொல்லிச் சிரிக்கிறா. சபையில கேட்டா நான் என்ன சொல்றது? முடிவு பண்ணிட்டேன். சிதம்பரத்துல நமக்கு ஒரு கிளைச்சபை இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமையில இருந்து நீங்க ரெண்டு பேரும் அங்க போறீங்க. பாஸ்டர்கிட்ட சொல்லியாச்சி.

கர்த்தரின் பணியில்,
சார்லஸ்


சிதம்பரம்
10.2.2008

அன்புள்ள மாமாவுக்கு,

முன்னல்லாம் "அல்லேலூயா". இப்ப "மாரநாதா". கடுதாசியோட மொத வரியப் பாத்தே அப்பா எந்தச் சபைன்னு வெண்மதி சொல்லிடறா. இந்தத் தடவை சுகமளிக்கிற கூடமாமே. திருப்பாதிரிப்புலியூர்ல தகரக் கொட்டாயி, ரெண்டு ஸ்பீக்கரு. நல்லா இருக்கட்டும்.

நேத்து வெண்மதி பரீட்சைக்கு முன்னாடி ஜெபம் பண்ண உக்காந்தா. பாதியில கண்ணத் தொறந்து, "அம்மா, கையத் தட்டணுமா, கையக் கட்டணுமா, மண்டி போடணுமா? எதுக்கும்மா சாமி காது குடுக்கும்?"னு கேட்டா. வெளையாட்டுக்குக் கேக்கல மாமா, அழுவுற மாதிரி கேட்டா.

கடலூர் ஹாஸ்டல்ல ஒரு எடம் காலியாவப் போவுதாம். எழுதிப் போட்டா மாத்தல் கிடைக்கும்னு வார்டன் அம்மா சொல்றாங்க. எனக்கும் ஆசைதான், தனிக் கட்டில்ல எத்தனை நாளைக்கு. ஆனா ஒண்ணு. எந்தச் சபையா இருந்தாலும் சரி, ஒரு வருஷம் ஒரே எடத்துல உக்காந்து காட்டுங்க. நான் பொட்டியக் கட்டிக்கிட்டு வந்துடறேன்.

அமராவதி


கடலூர்
23.11.2008

பிரியமான அமராவுக்கு,

நீ சொன்ன ஒரு வருஷத்துக்குக் கொஞ்ச நாள்தான் பாக்கி. அதுக்குள்ள அந்தக் கொட்டாயிப் பாஸ்டரு மைக்கப் புடிச்சிக்கிட்டு, சுனாமில போனதெல்லாம் ஜெபிக்காத குடும்பம்னு சொல்லிட்டாரு. எனக்கு உச்சந்தலைக்கு ஏறிடுச்சி. "எந்தக் குடிசையில ஜெபிச்சாங்க, எதுல ஜெபிக்கலன்னு நீ போய்ப் பாத்தியாய்யா?"ன்னு கேட்டுட்டு வந்துட்டேன். நீயா இருந்தாலும் எழுந்துதான் வந்திருப்பே.

முடிவு பண்ணிட்டேன். இனிமே வூட்லயே ஜெபம். நானும் எதிர்வூட்டு சுப்பராயலுவும். டீ போட்டா ஒழுங்கா வரான். இது சபை மாத்தறதுல சேராது, எங்கயும் போவலையே. மாத்தலுக்கு எழுதிப் போட்டுடு.

சார்லஸ்


சிதம்பரம்
1.3.2009

அன்புள்ள மாமாவுக்கு,

மாத்தலுக்கு எழுதல. டீ போடறத நிறுத்துனா உங்க சபையும் நின்னுடும்.

இது வேற விஷயம். இங்க ரயிலடிக்குப் போற வழியில ஒரு சின்னக் கோயில் இருக்கு. நாங்க ரெண்டு பேரும் அங்கதான் போறோம். குருத்தோலை ஞாயிறு அன்னிக்கு வெண்மதிக்குத் திடப்படுத்தல், சபையில முழு அங்கமா சேக்கறாங்க. அவளாவே கேட்டு கிளாசுக்குப் போனா, பத்துக் கட்டளையும் விளக்கத்தோட ஒப்பிக்கிறா. அவ ஞானஸ்நானச் சீட்டு வேணுமாம். அது பழைய கோயில்லதான் இருக்கு, உத்திராபதி அண்ணன்கிட்ட போய்க் கேக்கணும். ஒரே ஒரு தடவை அந்தப் படி ஏறுங்க மாமா. உங்க பொண்ணு ஒரு எடத்துல நிக்கணும்னு ஆசைப்படறா.

அமராவதி


கடலூர்
15.3.2009

அமராவதிக்கு,

அந்த ஆளு மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன். பச்சப்புள்ளையா இருக்கச்சே தலையில தண்ணி தெளிச்சதெல்லாம் ஞானஸ்நானமே இல்ல. என்னைக் கேக்காம இதெல்லாம் யாரு ஆரம்பிச்சது? அவளுக்கு எது வேணும்னு எனக்குத் தெரியும். முடிவு பண்ணிட்டேன். திடப்படுத்தல் வேணாம்.

சார்லஸ்


சிதம்பரம்
6.4.2009

மாமாவுக்கு,

லீவு போட்டு நானே போய் வாங்கியாந்தேன். உத்திராபதி அண்ணன் தேடி எடுத்துக் குடுத்து, டீயும் வாங்கிக் குடுத்தாரு. பரங்கிக்காய் பேச்ச எடுத்தேன். "எந்தப் பரங்கிக்காய்ம்மா?"ன்னாரு. அவருக்கு ஞாபகமே இல்ல. நாம குடும்பமே ரெண்டாப் போய்க் கெடக்கறோம், அவருக்கு ஞாபகம் இல்ல.

நேத்து வெள்ளைப் பாவாடை கட்டிக்கிட்டு முன்னாடி நின்னா உங்க பொண்ணு. பெத்தவங்க எழுந்து நில்லுங்கன்னு போதகர் ஐயர் சொன்னாரு. நான் மட்டும் எழுந்தேன். ஆம்பளைங்க பக்கம் அவ திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே இருந்தா.

இனிமே நான் எழுத மாட்டேன். எனக்குக் கை வலிக்குது.

அமராவதி


கடலூர்
9.1.2012

அன்புள்ள அமராவுக்கு,

நீ எழுதி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆவுது. வெண்மதிகிட்ட போன்ல பேசி நீ உசுரோட இருக்கறதத் தெரிஞ்சிக்கிறேன். இப்ப அதுவும் இல்ல. தானே புயல்ல கரண்டு போனது இன்னும் வரல, டவரும் இல்ல. வூட்டு ஓடு பாதி பறந்துடுச்சி. எனக்கு ஒண்ணும் ஆவல, பயப்படாதே. அந்தத் தகரக் கொட்டாயி இருந்த எடத்துல வெறும் கம்புதான் நிக்குது. சுப்பராயலு வேலூருக்கு மகன் வூட்டுக்குப் போயிட்டான்.

புதுவருஷத்தன்னிக்கு ஞாயித்துக்கிழமை. தனியா உக்கார முடியல. வெட்டுக்கத்திய எடுத்துக்கிட்டுத் தெருவுல வுழுந்த மரத்தையெல்லாம் வெட்டிக்கிட்டே போனேன். போனா நம்ம பழைய கோயில் வாசப்படி. வேப்பமரம் வாசல அடைச்சிக்கிட்டு வுழுந்து கெடக்கு. ரெண்டு ஆளு இழுக்கிற ரம்பத்துல ஒரு பக்கம் உத்திராபதி நிக்கறாரு, மறுபக்கத்துக்கு ஆளு இல்ல. நான் போய்ப் புடிச்சேன். மரம் ரெண்டாவற வரைக்கும் இழுத்தோம்.

ஐயர் புதுசு, சின்ன வயசு. கைலிய மடிச்சிக் கட்டிக்கிட்டுக் கொப்பு அள்ளிக்கிட்டிருந்தாரு. அவருகிட்டயும் கேட்டேன், அந்தப் பிள்ளைங்க ஏன் செத்துச்சிங்கன்னு. நிமிந்து பாத்தாரு. "தெரியலீங்க. எனக்கும் தெரியல"ன்னாரு. அப்பறம், "அந்தக் கொப்பை இந்தப் பக்கம் இழுங்க"ன்னாரு. ஏழு வருஷமா எத்தனை பேருகிட்ட கேட்டேன், தெரியலன்னு சொன்னது இவரு ஒருத்தருதான். அங்கயே உக்காந்து அழுதுட்டேன் அமரா. அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்குனேன்.

முடிவு பண்ணிட்டேன். பழைய கோயிலுக்கே திரும்பிட்டேன். மூணு பேருக்கும் பேரு குடுத்துட்டேன். நீ கேட்ட ஒரே எடம் இதுதான். வெண்மதி பரீட்சை முடிஞ்சதும் கெளம்பி வாங்க.

சார்லஸ்


சிதம்பரம்
22.1.2012

அன்புள்ள மாமாவுக்கு,

கடுதாசியப் படிச்சி அழுதேன். நீங்க தூங்குனீங்கன்னதுக்குத்தான் ஜாஸ்தி அழுதேன். வெண்மதிகிட்டயும் படிச்சிக் காட்டுனேன். "அப்பாவுக்கு ஒரு வழியா பதில் கெடச்சிடுச்சி"ன்னா. "எங்கடி, தெரியலன்னுதான சொல்லியிருக்காரு"ன்னேன். "அதான்மா"ன்னா.

ஆனா மூணு பேருக்கும் பேரு குடுத்துட்டேன்னு எழுதியிருக்கீங்களே, யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?

நான் இந்தக் கோயிலுக்கு எப்படி வந்தேன் தெரியுமா? யாரும் கூட்டிக்கிட்டு வரல. மார்க்கெட்டுக்குப் போயிட்டு வரச்சே மழை. கத்திரிக்காய்ப் பையோட ஒதுங்குனேன். உள்ள பாட்டு. போயிக் கடைசி பெஞ்சில உக்காந்தேன். யாரும் கழட்டச் சொல்லல, முங்கச் சொல்லல. பக்கத்துல இருந்த பொன்னி அக்கா பாட்டுப் புஸ்தகத்த என் பக்கம் நவுத்துனாங்க. நானா கண்ண மூடுனேன். அதுக்கு முன்னாடி எங்கப்பா வூட்டு சாமியக் கும்புட்டேன், அப்பறம் உங்க சாமியக் கும்புட்டேன். அன்னிக்குத்தான் மாமா என் சாமிகிட்ட நான் பேசுனேன்.

இப்ப இங்க பண்டிகைச் சமையலுக்கு நான்தான் தலை. ஐயருக்கே கரண்டியத் தர மாட்டேன். உங்ககூட வாழ மாட்டேன்னு நான் எப்பவும் சொல்லல. கோயில மாத்த மாட்டேன், அவ்ளோதான். உங்க பின்னாடியே ரெண்டு சபைக்கு நடந்தேன். நீங்க ஒரு தடவையாவது, "அமரா, நீ எங்க போறே, அங்க எப்படி இருக்கு"ன்னு கேட்டிருக்கீங்களா?

அமராவதி


கடலூர்
28.1.2012

அமரா,

எழுத உக்காந்தா மொதல்ல "முடிவு பண்ணிட்டேன்"னுதான் வருது. ரெண்டு தாளு கிழிச்சாச்சி.

நான் ஒண்ணும் முடிவு பண்ணல. கேக்கறேன். உங்க கோயில் பேரு என்ன? எத்தனை மணிக்கு ஆராதனை? ஆம்பளைங்க பக்கம் பின்னாடி எடம் கெடைக்குமா? ஐயர்கிட்ட சொல்லி உங்க ரெண்டு பேரு பேரையும் எடுக்கச் சொல்லிட்டேன். எங்க குடியிருக்கறதுன்னு நேருல பேசிக்கலாம், நீ சொல்றதக் கேட்டுட்டு.

அஞ்சாம் தேதி ஞாயித்துக்கிழமை எனக்கு ஷிப்ட் இல்ல. புயல்ல தோட்டத்து வேலியே போச்சி, உன் பரங்கி விதையில தானா மொளைச்ச கொடி மட்டும் எப்படியோ தப்பிச்சி ஒரு காய் வுட்டிருக்கு. எடுத்துக்கிட்டு வரேன். உங்க கோயில்ல காணிக்கையா வெச்சிடு. ஏலம் வுட்டா எவனாவது எடுத்துக்கிட்டுப் போவட்டும், நான் வாயத் தொறக்க மாட்டேன்.

நீ எழுதற வரைக்கும் பஸ் ஏற மாட்டேன். வேணாம்னாலும் எழுது.

வரலாமா?

சார்லஸ்