பெருநாள் பேண்ட் ஷோ

சனி. இஷா தொழுதுவிட்டு வந்தும் மனம் அடங்கவில்லை.

பின்னேரம் ரிஸ்வியும் நானும் பிளேன்டி குடித்தபடி, நாங்கள் முதன்முதல் பார்த்த பேண்ட் ஷோவைப் பற்றிக் கதைத்தோம். பெருநாளுக்குக் கடற்கரையில் நடந்தது. அப்போது ஒன்பதாம் வகுப்பு. சனத்துக்குள் மேடை தெரியவில்லை. ரிஸ்வியின் தோளில் ஏறி இருந்துதான் கிட்டார்காரனைப் பார்த்தேன்.

அதைச் சொன்னதும், "என்னடா கதைக்காய்? நான்தானே ஒண்ட தோளில இருந்த!" என்றான்.

சிரித்துச் சிரித்துச் சண்டை பிடித்தோம். கடைசியில் அவனோடு கூடப்பிறந்த மூத்த நானாவுக்குப் போன் போட்டான். அன்று மேடையில் நின்று படம் எடுத்தவர் அவர்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு படம் அனுப்பினார்.

சனத்தின் தலைகளுக்கு மேலே நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறோம். வாயைப் பிளந்து கத்துகிறோம். சுற்றியிருந்த சனம் கொஞ்சம் விலகி நிற்கிறது. எங்களுக்குக் கீழே வெறும் மணல்.

ரிஸ்வி போனைக் கவிழ்த்து வைத்தான். "அப்ப நம்மளத் தூக்கினது ஆருடா?"

அன்று பாட்டு முடியும்வரை என் கணுக்கால்களை இறுக்கிப் பிடித்திருந்த கைகள் ஈரமாக இருந்தன. ரிஸ்விக்கு வியர்க்கிறது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.