கோழிப் பொரியல் வருகிறது, கொப்பர் வரவில்லை

ஒலுமடு,
மாங்குளம்.

என் குஞ்சுத்தம்பிக்கு,

நான் இருக்கிறேன், நீயும் சுவிஸ் பனியில் விறைக்காமல் இருக்கிறாய் என்று அம்மாளாச்சியை நம்பி எழுதுகிறேன். போனில் கதைத்தால் நீ அங்கே அழ நான் இங்கே அழ டேட்டாதான் முடியும், அதனால் கடிதம். அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி ஒருமாதிரி முடிந்தது. ஐயர் மந்திரத்தில் பாதியை விழுங்கிப்போட்டுக் குசினிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார், அப்பா இருந்திருந்தால் முகத்துக்கு நேரே கேட்டிருப்பார். சிவப்பு மாடு கன்று போட்டிருக்கிறது, பால் குடிக்கத்தான் ஆளில்லை.

சொல்ல வந்தது வேறு. பொம்பிளைகள் சுடலைக்குப் போவதில்லை என்று உனக்குத் தெரியும், என்னையும் படலையோடு பிடித்து நிறுத்திப்போட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததைப் வீடியோப் படக்காரன் பிரதாபன் இன்டர்நெட்டில் நேரடியாக விட, அங்கே நீ பார்த்தாய், கனடாவில் உன் மாமிமார் பார்த்தார்கள், நாற்பது வருசம் சமைத்துப் போட்ட நான்தான் பார்க்கவில்லை. செத்தவீட்டைப் பேஸ்புக்கில் போட்டால் கண்டவனும் லைக் போடுவான் என்று நீ தனியாக ஒரு இணையத்தளம் எடுத்து அதில் போடச் சொன்னாய். நல்ல கதை. நீ அனுப்பிய லிங்கை ஒரு மாதமாக நானும் அமத்துகிறேன், வட்டம்தான் சுற்றுகிறது. உன் பெரியப்பாவின் மகன் குகதாசன் மலிவென்று என் போனுக்குப் போட்டுத் தந்தது பேஸ்புக் டேட்டா காட், நான் அதுதான் முழு இன்டர்நெட் என்று நினைத்திருந்தேன். அதில் ஒருத்தன் விடிய எழும்பினால் பொழுதுபடும்வரை கோழி பொரிக்கிறான், அது தடங்கலில்லாமல் வருகிறது, சுடலைக்குப் போன கொப்பர் மட்டும் வரமாட்டாராம்.

அந்தியேட்டி முடிந்து நான் வெளியில் போகலாம் என்றதும் முதல் வேலையாக மாங்குளம் சந்தியில் ஹலீமின் போன் கடைக்குப் போனேன். போன் பழுதில்லை, இந்தக் காட் போட்டால் கொம்பனி திறந்துவிடுகிற இடங்களுக்குத்தான் போகலாம், மற்ற இடங்களுக்கு வேறு காட், விலையும் வேறு என்று அவன் பொறுமையாகச் சொன்னான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "தம்பி, பஸ்ஸிலை ரிக்கற் எடுத்துத்தான் வந்தனான். மாங்குளத்திலை எந்தக் கடைக்குப் போறாயெண்டு கொண்டக்டர் கேட்டவனோ?" என்றேன். நின்ற சனம் சிரித்தது, ஹலீம் சிரிக்கவில்லை. நீங்கள் கேட்பது ஞாயம்தான் அம்மா, ஆனால் கொம்பனிக்குப் போன் எடுத்தால் பாட்டுத்தான் போடுவான் என்று சொல்லி, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருத்தி, தன் கடை இணைப்பில் திறந்துவிட்டு, சனத்தையும் வெளியில் அனுப்பினான்.

பார்த்தேன் மகன். விசா இல்லாமல் வர முடியாத உனக்குப் பதிலாகக் கொள்ளி வைத்த குகதாசன் அவிழ்ந்த வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தான், எனக்குச் சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது. இன்னொருக்கால் வடிவாகப் பார்க்க நினைத்தேன், அதற்குள் ரீலோட் போட ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒவ்வொரு நாளும் ஹலீமின் கடையில் போயிருந்து அழ முடியுமா?

ஆகவே மறக்காமல் அந்தப் படத்தைப் பேஸ்புக்கிலும் போட்டுவிடு, லைக் போடுகிறவன் போடட்டும், இந்தக் குறிச்சியில் எல்லாப் பொம்பிளைகளிடமும் இருப்பது இதே காட்தான். பனிக்குள் சப்பாத்துக்குள்ளே காலுக்கு மேஸ் போடாமல் திரியாதே. விசாக் கடிதம் வந்தால் முதலில் எனக்குச் சொல். வற்றாப்பளை அம்மாள் உன்னைத் தன் கண்ணுக்குள் வைத்திருப்பா.

ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. வீட்டில் நேராக வைத்து அனுப்பிய முகம், சுடலையில் பெட்டி திறந்தபோது ஒரு பக்கம் திரும்பிக் கிடந்தது. றோட்டுக் குலுக்கல் என்று குகதாசன் சொல்கிறான். அந்த மனிசன் ஆரைப் பார்க்கத் திரும்பினவர் மகன், என்னையோ, உன்னையோ?

உன் அம்மா
விமலேஸ்வரி