விட்டுப்போன நாற்பத்தொரு பெண்கள்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா வேளைக்கு மாத்திரை போடுகிறாரா?

பயப்படாதே, வேலையில் ஒரு சின்னத் தவறு செய்தேன். எங்கள் தாய்மார் நலக் கணக்கெடுப்பில், பெற்ற பிள்ளைகளைவிடக் கருவுற்ற தடவை அதிகம் என்று சொன்ன நாற்பத்தொரு பெண்களை, பதிவுப் பிழை என்று நானே நீக்கிவிட்டேன். முப்பது வருடமாக இதே ஆராய்ச்சியில் இருக்கும் எங்கள் டாக்டரம்மா, நான் நீக்கியவர்களின் பட்டியலைப் பார்த்ததுமே பிடித்துவிட்டார்.

"ஏம்மா, படிச்சவதானே நீ? கலைஞ்சுபோனதை வீட்லயும் எண்ண மாட்டாங்க. நாமளும் விட்டுட்டா, ஏன் கலைஞ்சுதுன்னு யாரு கேப்பா?"

திரும்பச் சேர்த்தேன். அவர்களில் இருபத்தாறு பேர் ஒரே பேட்டரி தொழிற்சாலையில் ஈயம் உருக்குகிறவர்கள். ஈயப் புகை கருவைக் கலைத்துவிடுமாம். மறுநாள் காலையிலேயே அவர் அங்கே கிளம்பிவிட்டார். எத்தனை வருடம் உழைத்தால் எனக்கு அந்தக் கண் வரும்!

உன் பழைய பருத்திச் சேலை ஒன்று அனுப்பு. துவைக்காமல் அனுப்பினாலும் சரி.

அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் ஒன்று கலைந்தது என்று ஒருமுறை சொன்னாய். நான் ஒன்றுமே கேட்கவில்லை. அப்போது எப்படி இருந்தாய் என்று எழுது. கணக்கெடுக்கப் போகும் வண்டி ஹார்ன் அடிக்கிறது.

உன் மூன்றாவது பிள்ளை