என் வயிறும் மரப் பிஸ்டலும்

9 நவம்பர் 2024, சனி

எனக்கு வசனம் கிடைத்திருக்கிறது. டென்மார்க்கில், எங்கள் ஹேர்னிங் தமிழரின் கிறிஸ்மஸ் ஒளிவிழா நாடகங்களில் இவ்வளவு காலமும் மேய்ப்பனாகவோ கூட்டத்தில் ஒருவனாகவோ வாய் திறக்காமல்தான் நின்றேன். வாசிக்கத் தெரியாதவனுக்கு வேறு எதைக் கொடுப்பார்கள்? இந்த வருடம்தான், எழுபத்தொரு வயதில், எழுத்துப் படித்தேன். இன்று நாடகம் பழக்கும் பிரதீபன் தாளை நீட்டினான். எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

"சரி சந்தியா அண்ணை, நீங்கள்தான் பொலிஸ்."

சாதாரண உடுப்பில் வரும் பொலிஸ். கடத்தல்காரர் என்னைக் கதிரையில் இருத்திச் சோதிப்பார்கள், ஒன்றும் அகப்படாது. கடைசியில் நான் எழும்பி, ஒளித்து வைத்த பிஸ்டலை எடுக்க வேண்டும்.

இவ்வளவையும் எழுதி முடிக்கத் தேநீர் ஆறிவிட்டது.

16 நவம்பர்

பிஸ்டல் மரம், கறுப்புப் பூச்சு. கடத்தல்காரனாக வரும் பாலேந்திரா ஈர்க்கு மாதிரி ஆள். இடுப்பில் செருகினான், கதிரையில் இருந்தான், எழும்பினான், எடுத்தான். பிறகு நான். நிற்கும்வரை நல்லது. இருந்தவுடன் வயிறு மடிந்து பிடியை அமுக்க, முனை தொடையில் குத்தியது. எடுப்பதற்கு வயிற்றைத் தூக்க ஒரு கை, பிஸ்டலுக்கு ஒரு கை.

"அண்ணை, பிஸ்டல் எடுக்கிறியளோ, பிள்ளை பெறுறியளோ?" என்றான் பாலேந்திரா. நானும் சிரித்தேன்.

பிரதீபன் சிரிக்கவில்லை. "வாற சனியும் சரிவராட்டி பாலா பொலிஸ். நீங்கள் கூட்டத்தில நில்லுங்கோ."

திரும்பவும் கூட்டத்திலா?

பிஸ்டலை வீட்டுக்குக் கேட்டேன். "மண்டபத்தை விட்டு வெளியில போகக்கூடாது அண்ணை. ரோட்டில ஆரும் கண்டா உண்மையான பொலிஸ் வரும்."

19 நவம்பர்

பிஸ்டலுக்குப் பதிலாக இரண்டு டிவி ரிமோட்டை ஒன்றாக ஒட்டி வைத்து வீட்டில் பழகுகிறேன். முதுகுப் பக்கம் வைத்தால் சாயும்போது முள்ளந்தண்டில் ஏறுகிறது, கையும் எட்டவில்லை. கமக்கட்டில் வைத்தால் கோழியை இடுக்கிக்கொண்டு நடப்பவன் மாதிரி இருக்கிறது. கணுக்கால் - குனிய வேண்டும். அந்தக் கதையே வேண்டாம்.

20 நவம்பர்

இந்த வயித்தை எங்க கழட்டி வைக்கிறது?

22 நவம்பர்

மகள் கிளோறியா வேலை முடிந்து வந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை, எல்லா வயிறும் கண்டவள். நான் ரிமோட்டோடு படும் பாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனப்பா கீழயே வைக்கிறியள்? மேல வைச்சுப் பாருங்கோ."

எனக்குக் குடலிறக்கம் வெட்டியபோது தந்த அகலமான இழுபடும் பட்டியைத் தேடி எடுத்து, நெஞ்சுக்குக் கீழே, வயிறு புடைக்கத் தொடங்கும் இடத்தில் கட்டினாள். அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது! இவ்வளவு காலமும் எனக்குத் தெரியாது. பாலேந்திராவுக்கு அது இல்லை. இருந்தேன், மடியவில்லை. எழும்பினேன், குத்தவில்லை. சட்டை வயிற்றின் மேல் திரைச்சீலைபோல விழுந்து எல்லாவற்றையும் மூடியது. ஒரு பொத்தானைத் திறந்து விட்டால் கை நேரே போகிறது.

என் வயிற்றை இன்று முதல் தடவையாகத் தட்டிக் கொடுத்தேன்.

23 நவம்பர்

எடுத்தேன்! பாத்திரம் எனக்கே. பாலேந்திராவும் பட்டியைக் கட்டிப் பார்த்தான். சட்டைக்குள் பெட்டி வைத்தது மாதிரித் துருத்தியது. "எனக்கும் ஒரு வயிறு வேணும் அண்ணை," என்றான்.

14 டிசம்பர்

எழும்பினேன். நெஞ்சில் கை வைத்தேன். இன்று ஒளிவிழா, மண்டபம் நிறைந்திருந்தது. எடுத்தபோது முன்வரிசையில் யாரோ "ஐயோ" என்றார்கள். பிறகு கைதட்டல். வசனம் ஒன்றும் பிசகவில்லை. சனம் வந்து கை தந்தது. புரியாணி இரண்டு தரம் சாப்பிட்டேன். கிளோறியாவின் காரில் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வந்து, இதை எழுத மேசைக்குக் கிட்ட இருந்து குனிந்தால், மேசை விளிம்பில் டக்கென்று ஏதோ இடித்தது.

பிரதீபனுக்குப் போன் எடுத்தேன். அவன் இன்னும் மண்டபத்தில், பிஸ்டலைத் தேடி அலுமாரிகளைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"அண்ணை, வெளியில போகாதேங்கோ. அதை மூடிக் கொண்டுபோகப் பெட்டியோட வாறன்."

"அவசரமில்லைத் தம்பி," என்றேன். "இருக்கிறதே தெரியேல்லை."