ஒரு தொட்டிக் கடல்

15 செப்டம்பர் 2024, ஞாயிறு

கண்ணாடித் தொட்டி வந்துவிட்டது. இரண்டரை அடி நீளம். பாக்கியராஜ் ஒரு முனை, நான் ஒரு முனை பிடித்து மூச்சு வாங்க மாடி ஏற்றினோம். கல்யாணமாகி ஆறு வருடத்தில் இந்த மனுஷன் எனக்காக இப்படி ஓடி ஓடி எதையும் செய்ததில்லை. "எத்தன வருசமா கடல் மீனு, பவளம்னு சொல்லிட்டிருக்க. ஓசூர்ல கடல் இல்லன்னா என்ன, கொண்டாந்துடலாம்" என்கிறார்.

கம்பெனியில் சொன்னால் சிரிக்கிறார்கள். "குடிக்கற தண்ணியே லாரில வருது, நம்ம டெல்பினுக்கு உப்புத்தண்ணி கேக்குது பாரு" என்று என்னைக் காட்டி மணிமேகலை கேன்டீன் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். சொல்லட்டும்.

22 செப்டம்பர்

அத்திப்பள்ளி வரை பைக்கில் போய் உப்பு வாங்கி வந்தோம். சமையல் உப்பு ஆகாது. கடல் மீனுக்கென்றே விற்கிறார்கள். சுத்திகரித்த தண்ணீரில் கலக்கி, அளந்து, மறுபடி கலக்கி — தோள்பட்டை இரண்டும் வலி. தொட்டியில் இப்போது வெறும் பாறையும் மணலும்தான்.

6 அக்டோபர்

இன்னும் மீன் விடக்கூடாதாம். மீன் கடை சென்னகிருஷ்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். "பாறையில கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க வளரணும் மேடம். நல்ல கிருமி. அதுக்கு முன்னாடி மீன விட்டா, அதோட கழிவே அத கொன்னுடும்."

தினமும் தொட்டித் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் எடுத்துச் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கிறேன். பச்சையாகிறது. பச்சை என்றால் விஷம் இருக்கிறது. கம்பெனியில் பகல் முழுக்க பாகங்களை அளந்து பாஸ், ரிஜெக்ட் போடுகிறவள் நான். வீட்டுக்கு வந்தும் அதே வேலை. ஆனால் இது பிடித்திருக்கிறது.

20 அக்டோபர்

தொட்டி மோட்டாரைக் கழற்றி மாட்ட பாக்கியராஜ் சொல்லிக்கொடுத்தார். ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்து, "நீயே பண்ணு, நான் பாக்கறேன்" என்றார். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் எந்த ஒயர், பியூஸ் போனால் எங்கே பார்க்க வேண்டும், கேஸ் சிலிண்டர் ட்யூப் எப்படி மாற்றுவது எல்லாம். கல்யாணமான புதிதில்கூட என் பக்கத்தில் இவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை. கண் பட்டுவிடும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

2 நவம்பர்

கல்லறைத் திருநாள். காலையில் மாமனார் கல்லறைக்குப் பூ வைத்துவிட்டு வந்தோம். சொட்டு மருந்து மூன்று நாளாக மஞ்சளாகவே நிற்கிறது. விஷம் இல்லை! சாயங்காலம் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கிளவுன் மீன் விட்டோம். ஒன்று பயந்து மூலையில். இன்னொன்று வீட்டுக்காரி மாதிரி சுற்றிப் பார்த்தது. நானும் சமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

24 நவம்பர், ஞாயிறு

கீழ்வீட்டு ஓனரம்மா நாராயணம்மா மீன் பார்க்க மேலே வந்தார். பார்த்துவிட்டு, "ஏம்மா, உங்க சாரு ஜனவரில வேலைக்குப் பூனா போயிட்டா இத்தன பெரிய கண்ணாடிய ஒண்டியா எப்படிம்மா பாத்துக்குவ?" என்றார்.

எனக்கு எதுவும் புரியவில்லை. தெரிந்தவள் மாதிரி சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

"ஆகஸ்ட்லயே சொன்னாரே. பொண்ணு தனியா இருக்கும், கொஞ்சம் பாத்துக்குங்கன்னு."

பாக்கியராஜ் வந்ததும் கேட்டேன். மறுக்கவில்லை. "சொன்னா அழுவ. அதான்."

"கம்பெனிலயா மாத்தினாங்க, நீங்களா கேட்டீங்களா?"

"நான்தான் கேட்டேன். அங்க போனாத்தான் மேல வர முடியும்."

"அப்ப நானும் வரேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தொட்டியைப் பார்த்தார். "இதுங்கள விட்டுட்டு எப்படி வருவ?"

25 நவம்பர்

ஆகஸ்டில் முடிவு. செப்டம்பரில் தொட்டி.

27 நவம்பர்

ஷிப்ட் முடிந்து போகிறவன் அடுத்து வருகிறவனுக்கு மிஷினைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போவான். எங்கள் கம்பெனியிலும் அவர் கம்பெனியிலும் அதற்கு ஹேண்டோவர் என்று பெயர். மோட்டார், இன்வெர்ட்டர், பியூஸ், சிலிண்டர் — எனக்கு நடந்தது அதுதான். நான் அதைப் பாசம் என்று நினைத்தேனே! கட்டின பொண்டாட்டிக்கு யாராச்சும் ஹேண்டோவர் குடுப்பாங்களா? கேட்டா வேணாம்னா சொல்லியிருப்பேன்? ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே பெட்டி கட்டிக் குடுத்திருப்பேனே.

சென்னகிருஷ்ணனுக்கும் தெரிந்திருக்கிறது. "அண்ணன் கெளம்பறதுக்குள்ள எல்லாம் செட் பண்ணிடணும்னாரு மேடம்" என்று இன்று சாதாரணமாகச் சொல்கிறார். ஊருக்கே தெரியும். எனக்குத்தான் தெரியாது.

பிளக்கைப் பிடுங்கிவிடலாம் என்று கிட்டே போனேன். சாப்பாடு என்று நினைத்து இரண்டும் கண்ணாடிக்கு ஓடி வந்தன. தீனி போட்டுவிட்டு வந்து படுத்தேன்.

4 ஜனவரி 2025

போய்விட்டார். பஸ் ஸ்டாண்டுக்கு நான் போகவில்லை.

9 பிப்ரவரி

தண்ணீர் மாற்றினேன், தனியாக. கடைத் தொட்டியிலேயே வளர்த்த பவளத் துண்டு ஒன்று வாங்கிப் பாறையில் ஒட்டினேன். சுண்டு விரல் நகம் அளவில் பூப்பூவாக விரிகிறது, பச்சையும் ஊதாவுமாக.

ஞாயிறுதோறும் போன் வருகிறது. முதல் கேள்வி, "தொட்டி எப்படி இருக்கு?" நான் எப்படி இருக்கிறேன் என்பது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரும். சில வாரம் வராது. அக்கம்பக்கத்தில் "எப்ப வராரு?" என்று கேட்டால் ஈஸ்டருக்கு என்கிறேன். நான் இவருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறேனா, இல்லை வெறுமனே இங்கே இருக்கிறேனா? தெரியவில்லை.

13 மார்ச்

பவளத்தில் புதிதாக இரண்டு பூ. அவரிடம் சொல்லவில்லை.

20 ஏப்ரல், ஈஸ்டர்

வெள்ளிக்கிழமை வந்தார். நன்றாகத்தான் இருந்தோம். சேர்ந்து பூசைக்குப் போனோம். பழையபடி ஆகிவிடுமோ என்று எனக்கு ஆசைகூட வந்தது, பொய் சொல்லக்கூடாது.

மதியம் பிரியாணி சாப்பிட்டுப் படுத்தார். நான் நாராயணம்மாவுக்கு ஒரு பாத்திரத்தில் கொடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் பேசிவிட்டு மேலே வந்தேன். வீடு அமைதியாக இருந்தது. மோட்டார் ஓடவில்லை. மீன்கள் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பவளம் சுருங்கியிருந்தது.

ஓடிப்போய் பிளக்கைப் போட்டேன். சத்தத்தில் விழித்துக்கொண்டார்.

"நான்தான் ஆப் பண்ணேன். கிர்ருனு ஒரே சத்தம், தூக்கமே வரல. கொஞ்ச நேரத்துல என்ன ஆயிடப் போவுது?"

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"இதுக்கெல்லாமா கேப்பாங்க?"

அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. மீன்கள் மெல்லக் கீழே இறங்கும்வரை தொட்டி முன்னாலேயே நின்றேன். பிறகு அவரிடம் திரும்பிக் கையை நீட்டினேன்.

"உங்ககிட்ட இருக்கற வீட்டுச் சாவிய குடுங்க."

"எதுக்கு?"

"அடுத்த வாட்டி வரப்ப பெல் அடிங்க."

சிரித்தார். நீட்டிய கையை நான் இறக்கவில்லை. சிரிப்பு நின்றது. கொத்திலிருந்து சாவியைக் கழற்ற அவருக்கு வெகு நேரம் ஆயிற்று.

சாயங்காலம் பஸ்ஸுக்கு, மீந்த பிரியாணியைக் கட்டிக்கொடுத்தேன்.